ராக்கரில் விழுந்த பள்ளம்

“வால்வு அளவு சரியாத்தான் இருக்கு தாயி. ஆனாலும் தட்டுது” என்றார் கொண்டல்சாமி.

“யாரு தட்டுறது?” என்றாள் அருளாயி.

அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை.

அருளாயி பழைய டிராக்டர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள். அவள் பட்டறை வாசலைத் தாண்டும்போது எந்த எஞ்சினும் இருமலை அடக்கிக்கொண்டுதான் போகும் என்பார்கள். கொண்டல்சாமி மில் வேலை ஓய்ந்து, தலை வெளுத்த பிறகு அவளிடம் சிஷ்யனாகச் சேர்ந்தவர்.

வாசலில் நின்றது அவருடைய அண்ணன் சுடலைக்கண்ணுவின் டிராக்டர்.

சுடலைக்கண்ணு போன சித்திரையில், கோடை உழவின்போது, சீட்டில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டார். ஆள் போனது வண்டிக்குத் தெரியவில்லை. மிச்சக் காட்டையும் மூலை முடுக்கு விடாமல் உழுது முடித்து, வரப்போரம் வந்து தானாக நின்றது. ஓர் உழவுச் சால்கூடக் கோணவில்லை.

அன்றிலிருந்து எஞ்சினுக்குள் ஒரு தட்டல்.

டக். டக் டக்.

சுடலைக்கண்ணு தன் வீட்டுக் கதவைத் தட்டுகிற அதே தினுசு.

கூலிக்கு ஏறின டிரைவர்கள் நடுக்காட்டில் குதித்து ஓடினார்கள். மதினியின் காடு விதைப்பில்லாமல் கிடந்தது. வடக்கே மேகம் கறுத்துவிட்டது. மழை விழுவதற்குள் உழுது விதைக்காவிட்டால் அந்த வீட்டில் இந்த வருஷம் உலை ஏறாது.

“நீங்களே ஏறி உழுதிருக்கலாமே, அண்ணாச்சி?”

“மொதல்ல சத்தம் நிக்கட்டும்.”

“பயமோ?”

“எனக்கென்ன பயம்? மில்லுல ஆளில்லாத குடோனுக்கே தனியாக் காவல் இருந்தவன்.”

“அதான் டிராக்டருக்கு முன்னால மாட்டைக் கட்டி இழுத்துட்டு வந்தீகளாக்கும்.”

கொண்டல்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினாள். வால்வுகளை அமுக்கிவிடுகிற ராக்கர்கள் எண்ணெய்ப் பளபளப்போடு வரிசையாக இருந்தன. அவர் இடைவெளி பார்க்கிற அளவுத் தகட்டை வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவில் விட்டு இழுத்துக் காட்டினார். கச்சிதமான பிடி.

“பாத்தியா தாயி? நான் பொய் சொன்னாலும் தகடு சொல்லாது.”

அருளாயி ஒரு ராக்கரைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

“நுனியை நகத்தால தடவுங்க.”

தடவினார். வால்வு தட்டித் தட்டித் தோண்டிய பள்ளம்.

“பள்ளம் தெரியுதா? அப்போ தகடு எது மேல உக்காந்துச்சு?”

அவர் ராக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவள் ஒரு பலகையை எடுத்து டிராக்டர் சீட்டின் மேல் போட்டாள். சுடலைக்கண்ணு காலமெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து, அந்தச் சீட்டில் ஓர் ஆள் அமிழ்கிற பள்ளம். பலகை அதை மூடிக்கொண்டு கிடந்தது.

“ஏறுங்க.”

ஏறி உட்கார்ந்தார்.

“எப்படி இருக்கு?”

“சமமா இருக்கு.”

“தகடும் அதத்தான் சொல்லுச்சு.”

கொண்டல்சாமி வாய்விட்டுச் சிரித்தார். பள்ளத்தின் மேல் பாலம் போட்டு உட்கார்ந்த தகட்டுக்கு அடியில் இருக்கிற ஆழம் எப்படித் தெரியும்?

“அட, இவ்வளவுதானா! இதுக்குப் போயி ஊரே செத்தவர் தட்டுறாருன்னு—”

டக்.

எஞ்சின் ஓடவில்லை. மூடி திறந்து கிடந்தது. ராக்கர் அவர் கையில்.

டக் டக்.

பலகைக்கு அடியில்.

“தாயி…”

“கதவைத் தட்டுனா என்ன செய்வாக, அண்ணாச்சி?”

வாசல் வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. மாடுகள் இரண்டும் அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தன.

அவர் எழுந்து பலகையை உருவினார். அடியில் ஒன்றும் இல்லை. பள்ளத்துக்குள் மெல்ல இறங்கி உட்கார்ந்தார். யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி சூடு.

என்ன தோன்றியதோ, ஒரு பக்கமாக ஒதுங்கிப் பாதி இடம் விட்டார்.

ஸ்பிரிங் முனகியது. சீட் இன்னும் கொஞ்சம் அமிழ்ந்தது.

அதன்பின் தட்டவில்லை.

அருளாயி அவர் கையிலிருந்த ராக்கரை வாங்கி, மற்றவற்றையும் கழற்றி, பள்ளங்களைச் சாணைக்கல்லில் தேய்த்துச் சமமாக்கி மாட்டி, இடைவெளியை மறுபடி அளந்து வைத்தாள். மூடியைப் போட்டு எஞ்சினை முடுக்கினாள். தட்டல் இல்லை. கொண்டல்சாமி இறங்கவே இல்லை. ஸ்டீயரிங்கில் ஒரு கையைத்தான் வைத்திருந்தார். மறுபாதியைத் தொடவில்லை.

வடக்கே மின்னியது.

“எந்த மூலையிலிருந்து உழ ஆரம்பிக்க, தாயி?”

“என்னை எதுக்குக் கேக்கீக?”