மொந்தன் எருமையும் 'ஆமாண்ணே' காக்காவும்

மொந்தன்னு ஒரு எருமை. அது முதுகுல ஈக்குச்சின்னு ஒரு உண்ணிக்கொக்கு. காட்டுக் குளத்துப் பக்கம் ரெண்டும் ஒண்ணாத்தான் திரியும். திரியுற நேரமெல்லாம் சண்டை போடும்.

அந்த வருசம் சண்டை வெளியூர் வாத்துங்களப் பத்தி. வடக்க ஏரியெல்லாம் வத்திப்போச்சாம், வாத்துக் கூட்டம் ஒண்ணு இந்தக் குளத்துக்குப் பொழைக்க வருதாம்னு பேச்சு.

"வரவே கூடாது!"ன்னுச்சு மொந்தன். "வந்தா குளத்தையே கலக்கிச் சேறாக்கிடும்!"

ஈக்குச்சி சிரிச்சுச்சு. "யாரு சொல்றது பாரு! நீ ஒரு தடவை புரண்டு எந்திரிச்சா மீனுக்கெல்லாம் இருமல் வருது!"

"நான் கலக்குறது உள்ளூர்ச் சேறுடா! அது வேற!"

"அடேய், சேத்துல என்னடா உள்ளூரு வெளியூரு? வரட்டும் மாப்ளே! உங்க தாத்தா வெட்டின குளமா இது?"

"நீ ஏன் பேசமாட்ட? குளத்துல காலை நனைச்சு எத்தனை மாசம் ஆச்சு உனக்கு? இறங்காத தண்ணிய அள்ளிக் குடுக்குற பெரிய வள்ளல்!"

"போடா தடியா!"

"போடா ஒல்லி!"

வாய் இப்படிக் கிழியும். ஆனா ஈக்குச்சியோட அலகு வேலைய விடாது. காதுக்குள்ள ஒரு உண்ணி, வாலுக்கடியில ஒரு உண்ணின்னு பொறுக்கிக்கிட்டே இருக்கும். மொந்தனும் கோவத்துல தலைய ஆட்டு ஆட்டுன்னு ஆட்டும். அலகு கண்ணுகிட்ட வர்றப்ப மட்டும் கல்லாட்டம் நின்னுடும். தோள்ல முள்ளு கிழிச்ச புண்ணு ஒண்ணு இருந்துச்சு. அதுமேல உக்கார்ற ஈய மட்டும் ஈக்குச்சி புடிக்கும். புண்ணைத் தொடவே தொடாது.

இந்தச் சண்டைய ஒருநாள் தவளைங்க கேட்டுதுங்க. குளத்தோரமா கூட்டமா வந்து உக்காந்துதுங்க.

"மொந்தன் அண்ணன் பேசுறதுதான் பேச்சு!"

"குளத்தக் காக்க வந்த கொம்பு!"

மொந்தனுக்கு உடம்பே ஒரு சுத்து பெருத்த மாதிரி இருந்துச்சு. அதுவரைக்கும் அத யாரும் அண்ணன்னு கூப்ட்டதில்ல. "எருமை, தள்ளு"ன்னுதான் கூப்ட்டிருக்காங்க.

ஒரு கிழட்டுத் தவளை முன்னால வந்துச்சு. "அண்ணே, ஒரு சின்ன சந்தேகம். வாத்துக்குப் பரிஞ்சு பேசுறவனுக்கு உங்க முதுகுல என்ன வேலை?"

கொக்குக்குத் தவளைன்னா கொள்ளைப் பிரியம், சாப்பிடுறதுக்கு. அதனால கொக்கு போனா நிம்மதின்னு தவளை நெனைச்சுச்சு. அத மட்டும் வெளிய சொல்லல.

"அதானே!"ன்னு மரத்துமேல இருந்து ஒரு குரல். கரிமுத்துன்னு ஒரு காக்கா. "நான்லாம் இருந்தா அண்ணன் சொல்றதுக்கு மறுபேச்சே கிடையாது!"

மொந்தன் யோசிச்சுச்சு. பழக்கமில்லாத வேலை, கொஞ்ச நேரம் புடிச்சுது. அப்புறம் மேல பாத்துச் சொல்லுச்சு. "ஈக்குச்சி, எல்லார் முன்னாலயும் 'வாத்து வரக்கூடாது'ன்னு ஒரு தடவை சொல்லிடு."

"சொல்லலேன்னா?"

"எறங்கு."

ஈக்குச்சி வெளையாட்டுன்னு நெனைச்சு எட்டி அது மூஞ்சியப் பாத்துச்சு. வெளையாட்டு இல்ல. "மாப்ளே, நெசமாவா?"

மொந்தன் முதுக ஒரு சிலுப்பு சிலுப்புச்சு.

"நான் உன் முதுகுலதான்டா உக்காந்திருந்தேன், உன் வாய்க்குள்ள இல்ல!"ன்னு சொல்லிட்டு ஈக்குச்சி அக்கரைக்குப் பறந்துடுச்சு. தவளைங்க குதிச்சுக் கும்மாளம் போட்டுதுங்க.

சூடு ஆர்றதுக்குள்ள கரிமுத்து வந்து முதுகுல உக்காந்துச்சு.

"இன்னிக்கு வெயில் ஜாஸ்தி, இல்ல?"ன்னு மொந்தன் கேட்டா, "ஆமாண்ணே! கொளுத்துது!"ங்கும்.

"இல்லடா, குளுருது."

"ஆமாண்ணே! நடுங்குது!"

ஆகா, இதுவல்லவோ தோழமைன்னு மொந்தன் சொக்கிப்போச்சு. கரிமுத்தும் நாலு உண்ணி பொறுக்குச்சு. அப்புறம் தோள்ப்பக்கம் நகந்து ஒரே கொத்து!

"டேய்! அது உண்ணி இல்லடா, புண்ணு!"

"ஆமாண்ணே, புண்ணுதாண்ணே!" இன்னொரு கொத்து.

"வலிக்குதுடா!"

"ஆமாண்ணே! குளத்துக்காக வலியத் தாங்குற தோளுண்ணே இது!"

தவளைங்க கைதட்டுச்சுங்க. மொந்தனும், வெக்கக்கேடு பாருங்க, நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னுச்சு.

மறுநாள் கரிமுத்து மச்சானைக் கூட்டியாந்துச்சு. மச்சான் சித்தப்பாவக் கூட்டியாந்துச்சு. நகம் அளவு இருந்த புண்ணு நாவப்பழம் அளவாச்சு, அப்புறம் குளம்பு அளவாச்சு. தண்ணிக்குள்ள முங்கினா காக்காங்க பறந்துடும். எந்திரிச்சா வந்துடும். ஈ வேற முட்டை போட்டு, புண்ணுல புழு நெளிய ஆரம்பிச்சிடுச்சு. மொந்தனால காலைத் தூக்கி வைக்க முடியல. இப்படியே போனா செத்துடுவோம்னு அதுக்கே தெரிஞ்சுபோச்சு.

தவளைங்ககிட்ட அழுதுச்சு. "இந்தக் காக்காவ வெரட்டுங்கப்பா! என்னை உசுரோட திங்குறான்!"

"ஷ்ஷ்! மெதுவாண்ணே!"ன்னுச்சு கிழட்டுத் தவளை. "கரிமுத்து நம்ம ஆளு. நம்ம ஆளையே நாம குறை சொன்னா வாத்துங்களுக்குத்தான் கொண்டாட்டம்!"

பக்கத்துத் தவளை கண்ண இடுக்கிக்கிட்டுக் கேட்டுச்சு. "அண்ணன் பேச்சு ஒரு மாதிரி இருக்கே... அண்ணனும் வாத்துப் பக்கம் போயிட்டாரோ?"

மொந்தன் அதுக்கு மேல அங்க நிக்கல. நொண்டி நொண்டி அக்கரைக்குப் போச்சு. ஈக்குச்சி ஒரு காட்டுப்பன்னி பின்னால நடந்து பூச்சி பொறுக்கிட்டிருந்துச்சு. கொக்கும் எளைச்சுப் போயிருந்துச்சு.

"ஈக்குச்சி... நீ சொன்னதுதான் சரி. வாத்து வரட்டும். நூறு வரட்டும். ஏறுடா."

ஈக்குச்சி புண்ணைப் பாத்துச்சு, கண்ணு கலங்குச்சு. ஆனா ஏறல.

"ஆமா போடுற ஆளு வேணும்னா நான் பன்னிகூடவே இருந்துக்குவேன். அது 'உர்'ருங்கும், ஆமாவா இல்லையான்னு நானே எடுத்துக்குவேன். நீ நெசத்தச் சொல்லு. வாத்து வரலாமா?"

மொந்தன் தலையத் தொங்கப் போட்டுச்சு. கடைசில மொணங்குச்சு.

"வரக்கூடாதுடா."

"ஏன்?"

"கலக்கிடும்."

"மடச்சாம்பிராணி! குனி!"

ஈக்குச்சி ஏறுச்சு. ஒவ்வொரு புழுவா எடுக்க ஆரம்பிச்சுச்சு. மொந்தன் வலியில பல்லக் கடிச்சுக்கிட்டு அசையாம நின்னுச்சு. மோப்பம் புடிச்சு வந்த கரிமுத்து "அண்ணே!"ன்னு கிட்ட வந்துச்சு. ஈக்குச்சி கழுத்த நீட்டி வுட்டுச்சு ஒரு குத்து, மண்டையில. காக்கா போன திசைய அப்புறம் யாரும் பாக்கல.

உங்க பேச்சுக்கெல்லாம் ஆமா போடுறவன் உங்க புண்ணைத் திங்க வந்தவனாவும் இருக்கலாம், அதனால மூஞ்சிக்கு நேரா 'நீ சொல்றது தப்பு'ன்னு சொல்லிக்கிட்டே உங்க உண்ணியப் பொறுக்குற கூட்டாளிய யாரு கைதட்டலுக்காகவும் எறக்கி விட்டுடாதீங்க.