குப்பைக்கூடையில் கிடந்த மூன்று கம்பெனி

திருநெல்வேலியில் சிங்காரவேலு என்றொரு பங்குத் தரகர் இருந்தார். சந்தை சரிந்தால் ஊரே நடுங்கும், தான் மட்டும் நிம்மதியாகத் தூங்குவதாக, போகிற மேடையிலெல்லாம் மார்தட்டுவார். அந்த வருஷம் சந்தை மாதக்கணக்கில் சரிந்தது. முதல் சிக்கனமாக, ஆபீஸ் பெருக்கும் இசக்கியம்மாளை நிறுத்தக் கடிதம் அடித்துவிட்டார்.

வாடிக்கையாளர் கூட்டம் நடக்கும்போதே அவள் உள்ளே வந்து நின்றாள். "ஐயா, மகளுக்குக் கடைசி வருஷப் படிப்பு. வேலை வேணும்யா."

"அப்படியா? இந்தச் சரிவுல வாங்கிப் பத்து வருஷம் வச்சிருக்கத் தோதா மூணு கம்பெனி சொல்லு. சொல்லிட்டா வேலை உனக்கு!"

கூட்டம் சிரித்தது. இசக்கியம்மாள் அவர் அறைக்குப் போய்க் குப்பைக்கூடையைத் தூக்கி வந்தாள்.

"சந்தை விழுந்ததும் புதுக் கார் படம் போட்ட புத்தகம் இதுல விழுறது நின்னுபோச்சு. ஓட்டல் பில்லும் இல்ல. ஆனா மூணு சாமானை மட்டும் ஐயா விடவே இல்ல." ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தாள். தலைவலித் தைலக் குப்பி. நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டை. கடைசியாக, தூக்க மாத்திரை அட்டை. "கையைக் கடிக்கிற காலத்துலயும் விடாம வாங்குற சரக்குய்யா. இதைச் செய்யுற கம்பெனியைப் பாருங்க."

முன்வரிசைப் பெரியவர் அந்த அட்டையைத் தூக்கிக் காட்டினார். "நிம்மதியாத் தூங்குறேன்னீரே, ஓய்!"

மறுநாள் காலை இசக்கியம்மாள் கூடையைக் கவிழ்த்தபோது, அவளை நிறுத்த அடித்த கடிதம் நாலாகக் கிழிந்து விழுந்தது. கூடவே காலியான இன்னொரு தைலக் குப்பியும்.