மண் பிடித்த முதுகு

மானும் பேசும், மண்ணும் பேசும் என்றிருந்த காலம் அது. அப்போது மனிதக் குழந்தைகளும் மான்குட்டிகளைப் போலத்தான் பிறந்தன. பிறந்த நாழிகையிலேயே எழுந்து நிற்கும். பொழுது சாய்வதற்குள் ஓடும். பிள்ளையை இடுப்பில் சுமப்பது என்றால் என்னவென்றே தாய்மாருக்குத் தெரியாது.

ஒரு மலையடிவாரத்தில் ஆவாரி என்றொருத்தி இருந்தாள். புருஷன் பெயர் கூத்தன். ஏழு வருடம் காத்திருந்து, ஒருநாள் உச்சிவேளையில் அவளுக்கு ஆண்குழந்தை பிறந்தது. "தண்ணி கொண்டாறேன், பிள்ளையைப் பார்த்துக்கோ" என்று கூத்தன் குடத்தோடு சுனைக்குப் போனான். வலித்துக் களைத்த உடம்பு. ஆவாரி ஒரு கணம் கண்ணை மூடினாள்.

வாசலில் ஒரு மான்குட்டி வந்து நின்றது. அதுவும் அன்று காலையில் பிறந்ததுதான். "வாயேன், ஓடிப் பார்க்கலாம்" என்றது. குழந்தை எழுந்து போனது.

ஆவாரி விழித்தபோது, வாசலைத் தாண்டிப் போகும் சின்ன முதுகு மட்டும் தெரிந்தது. "ஏ அய்யா, நில்லு!" என்று கத்திக்கொண்டே சுவரைப் பிடித்து எழுந்து, தள்ளாடி ஓடினாள். பள்ளத்தை மான்குட்டி துள்ளித் தாண்டியது. குழந்தையும் துள்ளியது.

சுனையிலிருந்து திரும்பிய கூத்தன் பள்ளத்தில் இறங்கி, பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துவந்தான். "முகத்தைத் திறக்காதே" என்றான். அவள் திறக்கவில்லை. அப்படியே புதைத்தார்கள்.

தாய்மான் வந்து அழுதது. "என் குட்டி தெரியாமல் கூப்பிட்டுவிட்டது, அக்கா."

"உன் குட்டி என்ன செய்யும்? கண்ணை மூடினவள் நான்" என்றாள் ஆவாரி.

மறுவருடம் அவள் மீண்டும் சூலுற்றாள். நாள் நெருங்க நெருங்கப் பயம் கூடியது. பிள்ளையைப் புதைத்த இடத்துக்குப் போய், மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்தாள்.

"மண்ணே, அவன் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. இந்தப் பிள்ளையையாவது கொஞ்ச நாள் பிடித்துவை. நான் பார்த்துக்கொள்கிறேன்."

மண் சொன்னது: "முதுகைப் பிடித்துக்கொள்கிறேன். முகம் உன் பக்கம் இருக்கும். ஆனால் புலி வந்தால் பிள்ளை ஓடாது, பசித்தால் உன்னைத் தேடி வராது. நீதான் தூக்கிச் சுமக்க வேண்டும். உன் பிள்ளை, ஊரார் பிள்ளை என்று பிரித்துப் பிடிக்கவும் எனக்குத் தெரியாது, அம்மா. பிறக்கும் பிள்ளை எல்லாம் அப்படித்தான் கிடக்கும்."

ஆவாரி யோசித்தாள். "பிடித்துக்கொள்" என்றாள்.

பெண்குழந்தை பிறந்தது, மல்லாந்தே கிடந்தது. "உன்னால் எங்கள் இடுப்பு ஒடிகிறதே!" என்று ஊர்ப் பெண்கள் ஏசினார்கள். ஆவாரி மகளின் முகத்தையே பார்த்திருந்தாள். மூன்றாம் மாதம் தலை நின்றது. ஐந்தாம் மாதம் ஒருநாள் குழந்தை முக்கி முனகி, காலைத் தூக்கிப் புரட்டி, குப்புற விழுந்தது. ஒரு கை அடியில் மாட்டிக்கொள்ள, வீறிட்டு அழுதது. ஆவாரி பதறிப்போய் மல்லாத்திப் போட்டாள். மறுபடியும் கவிழ்ந்தது. மறுபடியும் மல்லாத்தினாள். மறுபடியும் கவிழ்ந்தது.

"விட்டுவிட்டாயா?" என்று மண்ணிடம் கேட்டாள்.

"நான் விடவில்லை. அவளே பிய்த்துக்கொண்டாள்."

"வயிற்றையாவது பிடித்துக்கொள்."

மண் பிடித்துக்கொண்டது. குழந்தை நெஞ்சைத் தூக்கியது, கையும் காலும் காற்றில் நீந்தின, உடம்பு நகரவில்லை. முன்னால் போகத் தவித்துப் பின்னால் சறுக்கியது. எட்டாம் மாதம் கையையும் முட்டியையும் ஊன்றி எழும்பி, முன்னும் பின்னுமாய் ஆடிக்கொண்டே நின்றது.

"இன்னும் கொஞ்ச நாள்" என்றாள் ஆவாரி.

"என்னால் நாளைத் தள்ளிப்போடத்தான் முடியும்" என்றது மண். "போகிறவளை நிறுத்திவைக்க முடியாது."

குழந்தை ஒரு கையை எடுத்து முன்னால் வைத்தது. ஆவாரி பிடித்து நிறுத்தவில்லை. அழுதுகொண்டே பின்னால் போனாள்.

அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் எல்லாம் மண்ணிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரிகின்றன. முதன்முறை கவிழும்போது குழந்தை வீறிடுவதும், கைதட்டிச் சிரிக்கிற தாய்க்கு அந்த நேரத்தில் அடிவயிறு சுருக்கென்பதும் அந்த நாளிலிருந்துதான்.