தேரிக்காட்டு கோல்கீப்பரின் சம்பளம்

செம்மணல் மேடாக் கிடக்குற தேரிக்காட்டு ரோட்டுல செல்வக்கனி நடத்துற கருப்பட்டிக் காப்பிக் கடையில ஒரு வழக்கம் உண்டு. மத்தியானச் சோறு தின்னு முடிச்சதுல இருந்து வெயில் இறங்குற வரைக்கும் அங்க எவனும் நெசம் பேசக் கூடாது. அந்த நேரத்துல பஸ் கிடையாது, காத்து அனலா அடிக்கும், செம்மண்ணு கண்ணுல விழும், இதுக்கு நடுவுல நெசத்தப் பேசி என்ன ஆவப்போவுது? வாரவன் எவனா இருந்தாலும் புளுகணும். புளுகத் தெரியலன்னா வாயப் பொத்திக்கிட்டு காப்பியக் குடிச்சிட்டுப் போயிரணும்.

ஊரு ஆளுகளுக்கு இது தெரியும். கோயம்புத்தூர்ல இருந்து கார் போட்டுக்கிட்டு வந்த சென்னியப்பனுக்கு யாரு சொல்லியிருப்பா? அவரு அங்க ஒரு பெரிய காலேஜுக்கு ஃபுட்பால் பயலுவளப் பிடிச்சிக் குடுக்குற ஆளு. வெள்ளக் காரை வேப்பமரத்து நெழல்ல விட்டுட்டு, பெஞ்சியில கைக்குட்டைய விரிச்சி உக்காந்து, "ஏனுங்க்கா, கோல்கீப்பர் பட்டுராஜ் உங்க பையனுங்களா?"ன்னு கேட்டாரு. ஆமா, எம் மவன்தான், கருப்பட்டி எடுக்க உடன்குடி போயிருக்கான், அவனுக்கு என்ன முடிவு பண்ணணுமோ அத நாந்தான் பண்ணுவேன், காப்பிக்குச் சுக்குப் போடவா வேண்டாமான்னு செல்வக்கனி ஒரே மூச்சுல கேட்டா.

எதிர்த்தாப்புல தேரிக்குளம் கலைக் கல்லூரி. அதோட கேட்டுல நின்னு இத முழுசும் பாத்துக்கிட்டிருந்தாரு பி.டி. மாஸ்டர் ஞானதிரவியம். கார் வந்தது எதுக்குன்னு பாத்ததுமே அவருக்குப் புரிஞ்சிட்டு.

விளையாடுற பயலுவளுக்கு காலேஜே சம்பளம் குடுக்கலாம்னு யுனிவர்சிட்டி என்னைக்கு உத்தரவு போட்டுச்சோ, அன்னைக்கே அவரு தூக்கம் போச்சு. பணக்காரக் காலேஜ் குடுக்கும். தேரிக்குளத்துல எங்க குடுக்க? பிரின்சிபால்ட்ட போயி நின்னதுக்கு, வேணும்னா பயலுவளுக்கு ஆளுக்கொரு வாழைப்பழம் சேத்துக் குடுங்கன்னாரு. பழம் வாரதுக்குள்ள சென்டர் பார்வர்டு போயிட்டான். பின்னால நிக்கிற ரெண்டு பேரும் போயிட்டானுவ. பந்துக்குக் காத்தடிக்கிற பய கூடப் போயிட்டான், அங்க காத்தடிக்கத் தனிச் சம்பளமாம். இப்ப மிச்சம் இருக்குறது பட்டுராஜோட சேத்து பதினொண்ணு. அவனும் போனா டீம் இல்ல. டீம் இல்லன்னா கிரவுண்டுல கல்யாண மண்டபம் கட்டிருவோம்னு காலேஜ் செகரட்டரி வெளிப்படையாவே சொல்லிட்டாரு. பந்திக்கு ஆளுகள வரிசையா உக்கார வைக்க பி.டி. மாஸ்டர வச்சிக்கிடலாம்னு சொல்லிச் சிரிக்கவும் செஞ்சாரு. அந்தச் சிரிப்பு ஞானதிரவியம் சாரு நெஞ்சுல முள்ளாட்டம் தச்சிக்கிட்டு இருந்தது.

சாரு பையத் தடவுனாரு. விசில் இருந்துச்சு, சிகரெட்டு ஒண்ணு இருந்துச்சு, காசு இல்ல. ஆனா வெயில் உச்சியில நிக்கிதே, இது நம்ம நேரமாச்சேன்னு நெனச்சதும் மனுசனுக்குத் தெம்பு வந்திட்டு. ரோட்டத் தாண்டி கடைக்குள்ள நொழஞ்சி, சென்னியப்பன் வாயத் தொறக்குறதுக்கு முந்தியே ஆரம்பிச்சிட்டாரு.

"என்னமோ சம்பளம் சம்பளம்னு இப்பத்தான் எல்லாவனும் பேசுதான். நம்ம காலேஜ்ல அது பழைய சங்கதில்லா," அப்படின்னாரு.

உப்பு லாரி ஓட்டுற வெள்ளப்பாண்டி மூலையில காலை நீட்டிக் கிடந்தவன், எந்திரிச்சி உக்காந்தான். அந்தக் கடையில யாரு புளுகுனாலும் தராசு பிடிக்கிறது அவன்தான்.

மொதல்ல சட்டையப் பத்திச் சொன்னாரு சாரு. திருச்செந்தூர்ல இருக்க கடைக்காரனுவ பூராவும் எங்க பயலுவ சட்டையில எங்க பேரப் போடு, எங்க பேரப் போடுன்னு சண்டைக்கு வந்துட்டானுவளாம். முன்னால நகைக்கடை, முதுகுல பாத்திரக்கடை, கக்கத்துல பல் ஆஸ்பத்திரி. கடைசில நம்பர் எழுத எடம் இல்ல. என்ன செய்ய, நம்பர நாக்குல எழுதி விட்டோம், ரெஃப்ரி கேட்டா நாக்க நீட்டிக் காட்டணும்னு ஏற்பாடு. வெளியூர் ரெஃப்ரி ஒருத்தன், பழிப்புக் காட்டுதியான்னு அத்தன பேருக்கும் செவப்பு அட்டையக் காட்டிட்டான். அப்புறமா நம்ம பய முதுகுல பாத்திரக்கடைப் பேரப் படிச்சதும் சாந்தமாயி, இடைவேளையில போயி மவ கல்யாணத்துக்குக் குத்துவிளக்கும் அண்டாவும் எடுத்துட்டு வந்துதான் ரெண்டாம் பாதிய நடத்துனான்.

வெள்ளப்பாண்டி கொட்டாவி விட்டான். இது நடந்தாலும் நடந்திருக்கும், இதுக்கா என்னைய எழுப்புனியன்னு கேட்டான்.

சாருக்கு ரோசம் வந்திட்டு. அப்ப வாழைத்தார் கதையக் கேளும்னாரு. வாழ மண்டிக்காரர் ஒருத்தரு கோலுக்கு ஒரு தாருன்னு பேசி விட்டாராம். பயலுவ கோல் போட்ட மேனிக்கே இருந்தானுவ, தின்ன மேனிக்கே இருந்தானுவ, தோலு பூராவும் கிரவுண்டுல. எதிர் டீம்காரன் நடு வட்டத்துல இருந்து ஒரு எட்டு எடுத்து வச்சான், அவ்வளவுதான். வழுக்குனவன் நிக்கவே இல்ல. பதினோரு பேரும் ஒருத்தன் பின்னால ஒருத்தனா நாசரேத் தாண்டி, ஸ்ரீவைகுண்டம் தாண்டி, திருநெல்வேலி ஜங்ஷன் ரெண்டாவது பிளாட்பாரத்துல போயி நின்னானுவ. அங்க டிக்கெட் செக்கர் டிக்கெட் இல்லாம வந்ததுக்கு அபராதம் போட்டுட்டான். அதையும் நம்ம காலேஜ்தான் கட்டுனது, நமக்கு அந்த மரியாத எல்லாம் உண்டுல்லா.

"வழியில இருக்க ஆத்துப் பாலத்துல எப்படி வழுக்குவான்? அங்க தோலு ஏது?"ன்னான் வெள்ளப்பாண்டி.

"அதுக்குத்தான் ரெண்டு தோலு கையில பிடிச்சிருந்தான்," அப்படின்னாரு சாரு, கண்ணு இமைக்காம.

செல்வக்கனி காப்பிய ஆத்திக்கிட்டே சிரிச்சா. சென்னியப்பன் மட்டும் சிரிக்கல. மனுசன் யோசிக்க ஆரம்பிச்சிட்டாரு. ஏனுங்க, அப்ப பட்டுராஜுக்கு நீங்க எவ்வளவு குடுக்குறீங்கன்னு நேராவே கேட்டாரு.

இதுக்காகத்தான சாரு காத்திருந்தாரு. சட்டைக் கையச் சுருட்டி விட்டுக்கிட்டு பெஞ்சி நடுவுல வந்து உக்காந்தாரு. பட்டுராஜுக்கு யாரும் சம்பளம் குடுக்குறதில்ல, சம்பளம் அவனத் தேடி வருதுன்னாரு. போன வருசம் ஆடிக் காத்துல ஒரு மேட்ச். அரிசிக் கடைக்காரரு ஒருத்தரு பந்துல தன் கடைப் பேர எழுதிக் குடுத்திருந்தாரு. பட்டு அந்தப் பந்த வச்சி ஒரு உதை விட்டான் பாரும், மேல போனது போனதுதான். காத்து அத எறங்க விடல. மேட்ச் முடிஞ்சது, கப்பக் குடுத்தாச்சு, ஆளுகளும் வீட்டுக்குப் போயாச்சு, பந்து மேலேயே நிக்கிது. தூத்துக்குடில இருந்து கொழும்பு வரைக்கும் அண்ணாந்து பாத்தவன் பூராவும் அரிசிக் கடைப் பேரப் படிச்சான். கொழும்புக்காரன் தோணி போட்டுக்கிட்டு அரிசி வாங்க வந்தான். பந்து மேல நிக்கிற ஒவ்வொரு நாளைக்கும் பட்டுவுக்கு ஒரு மூட்ட அரிசி எழுதி வச்சிட்டாரு கடைக்காரரு. மறு ஆடியில காத்து ஒரு நிமிசம் நின்னுச்சு. அதே டீமோடதான் மேட்ச். பந்து நேரா எதிராளி கோலுக்குள்ள வந்து விழுந்திச்சு. அந்தக் கோலப் போன வருசக் கணக்குல சேக்கவா, இந்த வருசக் கணக்குலயான்னு யுனிவர்சிட்டில இன்னும் அடிச்சிக்கிட்டு இருக்கானுவ.

"ஒரு வருசம் மேல நின்ன பந்துல காத்து எறங்கலியா?" இது வெள்ளப்பாண்டி.

"காத்துக்குள்ள நிக்கிற பந்துல காத்து எப்படிவே கொறையும்? உம்ம லாரி டயரா அது?"

செல்வக்கனி இடுப்புல கையக் கொடுத்துக்கிட்டு கேட்டா: "எம் மவனுக்கு அத்தன மூட்ட அரிசி வந்திருந்தா, நேத்து ஏன் சார் கிழிஞ்ச பனியனோட வீட்டுக்கு வந்தான்?"

"அது பனியன் கம்பெனி விளம்பரம்லா. கிழியாத பனியன எவன் திரும்பிப் பாக்கான்?"

இதுக்கு வெள்ளப்பாண்டியே தலைய ஆட்டிட்டான். சாருக்கு எங்க நிறுத்தணும்னு தெரியல. கோல்போஸ்ட்டுக்குத் தாவிட்டாரு. பந்து எறங்குன அந்த மேட்ச்சுலயே சூறக்காத்து ஒண்ணு வந்து கோல்போஸ்ட்டப் புடுங்கிட்டுப் போயிட்டாம். பட்டு விடுவானா? போஸ்ட்டு எங்க போவுதோ அங்கதான் கீப்பரும்னு கம்பியப் பிடிச்சித் தொங்கிக்கிட்டே போனான். மணப்பாடு தாண்டி நடுக்கடல்ல போஸ்ட்டு விழுந்திச்சு. எதிர் டீம்காரன் கட்டுமரத்துல ஏறி வந்து பெனால்டி அடிச்சான், ரெஃப்ரி இன்னொரு கட்டுமரத்துல நின்னுக்கிட்டு விசிலடிச்சான். பட்டு பாஞ்ச பாய்ச்சல்ல பந்தும் மாட்டிச்சு, கோல் வலையில கடலு பூராவும் மாட்டிச்சு. வஞ்சிரம், பாறை, விளமீனுன்னு இழுக்க இழுக்க வருது. கரையில ஏலம் விட்டு முடிக்கதுக்குள்ள ஏலக்காரனுக்குத் தொண்ட கட்டிப் போச்சு. வருமான வரிக்காரன் வந்தான், எண்ண முடியாம மலச்சிப் போயி, பட்டுகிட்டயே கைமாத்து வாங்கிட்டுப் போனான். அந்தக் கோல் வலையில இன்னைக்கும் அவனுக்கு மீன் விழுது, கோயம்புத்தூர்ல கடலு இருக்கான்னு கேட்டு முடிச்சாரு சாரு.

 வெள்ளப்பாண்டி எந்திரிச்சி வந்து சாரு கையப் பிடிச்சிக் குலுக்குனான். இதுக்கு மேல ஒருத்தன் புளுக முடியாது, இன்னைக்கு சாருதான் ஜெயிச்சாருன்னு தீர்ப்புச் சொன்னான்.

செல்வக்கனி அதுக்கு ஒத்துக்கிடல. முறைன்னு ஒண்ணு இருக்குல்லா, வந்தவரு இன்னும் வாயே தொறக்கலியேன்னா. சென்னியப்பனப் பாத்து, "நீங்க சொல்லுங்க, எம் மவனுக்கு என்ன குடுப்பிய?"ன்னு கேட்டா.

சென்னியப்பன் நேர்மையான மனுசன். அதுதான் அவரு செஞ்ச தப்பு. மாசம் முப்பதாயிரம் குடுக்குறமுங்க, அப்படின்னாரு.

எதுக்குன்னு கேட்டா அவ.

"கோல்ல நிக்கிறதுக்குத்தானுங்க்கா."

வெள்ளப்பாண்டிக்கு காப்பி புரைக்கேறிட்டு. மாசாமாசமான்னு கேட்டான். மாசாமாசந்தானுங்க, பேங்குலயே போட்டுருவமுங்க. மேட்ச் இல்லாத மாசம்? அப்பவும் உண்டுங்க. படிப்பு? அதுக்கும் காசு வேண்டாமுங்க. சாப்பாடு, ஏ.சி. ரூமு, தினம் ஆறு முட்டை. ஒவ்வொண்ணுக்கும் கடையில சிரிப்பு ஏறிக்கிட்டே போச்சு. வெள்ளப்பாண்டி வயித்தப் பிடிச்சிக்கிட்டுத் தரையில உக்காந்துட்டான். ஞானதிரவியம் சார் மட்டும் சிரிக்கல. அவ்வளவும் நெசம்னு அவருக்குத் தெரியும்.

சென்னியப்பனுக்கு மொகம் செவந்திட்டு. ஏனுங்க சிரிக்கிறீங்க, கால் ஒடைஞ்சு படுத்துக் கெடந்தாலும் சம்பளம் நிக்காதுங்க, வைத்தியமும் நாங்களே பாத்துக்குவமுங்கன்னு சத்தமாச் சொன்னாரு.

செல்வக்கனிக்குச் சிரிச்சிச் சிரிச்சிக் கண்ணுல தண்ணி வந்திட்டு. முந்தானையால தொடச்சிக்கிட்டா. "எம் வீட்டுக்காரரு உப்பளத்துல கால் புண்ணாயி ஒரு வருசம் படுத்துக் கெடந்தாரு. பாதிக் கூலி குடுக்கக் கூட நாதியில்ல. சும்மா நிக்கிறவனுக்குச் சம்பளம், படுத்துக் கெடக்கவனுக்கும் சம்பளமா? அண்ணாச்சி, ஜெயிச்சிட்டிய. சாரு கடலயே புளுகுனாரு, நீங்க அவரையே தூக்கிச் சாப்பிட்டுட்டிய."

அப்படின்னா பையன அனுப்புறீங்களான்னு சென்னியப்பன் கேட்டாரு. புளுக நம்பி எவளாவது பிள்ளைய அனுப்புவாளான்னு அவ திருப்பிக் கேட்டா. மனுசன் வேற வழியில்லாம சாரு பக்கம் திரும்பி, சார், நீங்க படிச்சவரு, நீங்களாச்சும் சொல்லுங்கன்னு கையக் கூப்புனாரு.

ஞானதிரவியம் சாரு மனசுக்குள்ள கணக்குப் போட்டாரு. வாயத் தொறக்காம இருந்தாப் போதும். டீம் இருக்கும், கிரவுண்டு இருக்கும், செகரட்டரி மூஞ்சியில கரியப் பூசலாம். ஆனா செல்வக்கனி கண்ணத் தொடச்ச முந்தானைய இன்னும் கையில பிடிச்சிக்கிட்டு நிக்கா. அவ புருசனுக்குக் கிடைக்காதது மவனுக்குக் கிடைக்கப் போவுது, அதத் தட்டி விட்டுட்டு நாம பந்து விளையாடவான்னு நெனச்சதும் அவருக்கு வெக்கமாப் போச்சு. நாசமாப் போற டீமு, போனாப் போவுதுன்னு மனச முறுக்கிக்கிட்டு எந்திரிச்சாரு.

"செல்வக்கனி, வெளையாட்டு போதும். அவரு சொன்னது அத்தனையும் நெசம். முப்பதாயிரமும் நெசம், கால் ஒடைஞ்சாலும் சம்பளம்ங்கிறதும் நெசம். பட்டுவ அனுப்பி வையி."

 சென்னியப்பன் குடிச்சி வச்சிருந்த கிளாச செல்வக்கனி எடுத்துக் கழுவப் போட்டா.

"சார், வெயில் இன்னும் இறங்கல. அது அவரு புளுகு. அதையும் நீங்க களவாண்டா நல்லாவா இருக்கு?"