கோபுரத்து இளவரசியின் விதி

கோயம்புத்தூரில் விளையாட்டுச் சாமான் தயாரிக்கும் கம்பெனி ஒன்று. அதன் முதலாளி தண்டபாணிக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

அங்கே புதிதாகச் சேர்ந்த பூவிழி, சிறுமிகளுக்காக ஒரு விளையாட்டை உருவாக்கினாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு மந்திரக்காரியாக மாறி, தாயக்கட்டை உருட்டிக் கதையை நகர்த்த வேண்டும்.

முதலாளி முகம் சுளித்தார்.

"பொம்பளப் புள்ளைங்க மந்திரம் போட்டுச் சண்டை போடறதா? இளவரசி கோபுரத்துல அடைபட்டுக் கிடக்கோணும். கட்டையத் தொடக் கூடாது. இளவரசனுக்குத் தாயம் விழுந்தாத்தான் வெளிய வரலாம். இந்த விதிய வெச்சு, யாருக்கும் சலிக்காத ஆட்டமாச் செஞ்சு காட்டு. இல்லைன்னா வேற வேலை பாத்துக்க."

பூவிழி அசரவில்லை. "செஞ்சிடலாமுங்க. மொத ஆட்டம் நீங்களே ஆடோணும். நீங்க இளவரசி, நான் இளவரசன்."

மறுநாள் ஆபீசே கூடி நின்றது. பூவிழி கட்டையை உருட்டினாள். தாயம் விழவில்லை.

"இளவரசி காத்திருக்காங்க" என்றாள்.

மறுபடி உருட்டினாள். விழவில்லை.

"இளவரசி இன்னும் காத்திருக்காங்க."

டீ வந்து ஆறிப்போனது. நெளிந்து நெளிந்து பார்த்த முதலாளி சட்டென்று கட்டையைப் பிடுங்கினார்.

"கொண்டா இங்க! ஒரு மந்திரத்தப் போட்டுச் செவுத்த ஒடைச்சிட்டு நானே வாரேன்!"

"இளவரசி கட்டையத் தொடக் கூடாதுங்களே."

ஆபீசே சிரித்தது. தண்டபாணி நெற்றியில் அடித்துக்கொண்டார். "எல்லாம் என் விதி!"

"ஆமாங்க, உங்க விதியேதான். மாத்திடலாமுங்களா?"