உப்புக்காரி பிடித்த அரண்மனைக் குடை

முன்னொரு காலத்தில், மழை பெய்யாவிட்டால் கடவுளையும் பெய்தால் மந்திரியையும் திட்டுகிற ராஜா ஒருவர் மேழிநாட்டை ஆண்டுவந்தார். பெயர் கோளரிவர்மர்.

திடீரென்று அவருக்குத் தாழங்குடை வியாபாரத்தில் ஆசை வந்தது. அரண்மனையிலேயே பட்டறை போட்டு, தாழை ஓலையில் சந்தனக் காம்பு வைத்துக் குடை செய்ய வைத்தார். அந்தப்புரம் வரை குடைகள் குவிந்தன. வாங்கத்தான் ஆளில்லை.

ஆஸ்தான கவி பிறைமுடியார் ஒரு பாட்டு எழுதித் தண்டோரா போட வைத்தார். 'மூவுலகுக்கும் நிழல் தரும் குடை, முடிமன்னர் பிடிக்கும் குடை' என்று அது நீண்டுகொண்டே போனது. மழைக்கு நனையாமல் இருக்கலாம் என்ற விவரம் மட்டும் அதில் இல்லை.

"பாட்டு அமோகம், பிரபு! குடை விற்காததற்கு மந்திரிதான் காரணம்" என்றார் கவி.

ராஜாவுக்கு அது நியாயமாகவே பட்டது. "பூதனாரே, ஐப்பசி முடிவதற்குள் குடைகள் விற்றாக வேண்டும். இல்லையேல் ஆயுள் முழுக்க நீர் நம் கவிக்குக் குடை பிடிப்பீர்!"

"கொஞ்சம் உயர்த்திப் பிடிக்க வேண்டியிருக்கும். என் தலைப்பாகை பெரிது" என்றார் கவி.

மந்திரி பூதனார் கணக்குப் போட்டுப் பார்த்தார். குடையைக்கூடப் பிடித்துவிடலாம், ஆயுள் முழுக்கப் பாட்டையும் அல்லவா கேட்க வேண்டும்!

அவர் ஒற்றர் படையிலிருந்து வந்தவர். நேரில் போய்ப் பார், கேள், கண்டதை மட்டும் சொல். தெரிந்த வித்தை அவ்வளவுதான். படகுத்துறைக்குப் போனார். அங்கே மூட்டையோடு நனைந்துகொண்டிருந்தாள் உப்புக்காரி வெள்ளச்சி.

"ஏம்மா, ஒரு குடை வாங்கக் கூடாதா?"

"என் கழுத்து உங்களுக்கு உறுத்துதா, சாமி? ராஜா பிடிக்கிற குடைன்னு தண்டோரா போட்டாங்களே. நான் பிடிச்சா தலையை விட்டுவைப்பாங்களா?"

மந்திரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ராஜாவின் கொற்றக்குடையையே பாடிப் பழகிய கவியின் வாய் தாழங்குடையையும் விட்டுவைக்கவில்லை! உடனே ஒரு குடையை அவளிடம் கொடுத்தார். "தலைக்கு நான் பொறுப்பு. பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்."

சில நாள் கழித்து, படகுக்குக் காத்திருந்தவர்களிடம் அவர் ஆரம்பித்தார்: "சந்தைக்குப் போகும்போது கொட்டுகிற மழை. வெள்ளச்சியிடம் ஒரே குடை. இந்தப் பக்கம் உப்பு மூட்டை, அந்தப் பக்கம் புருஷன். யாருக்குப் பிடித்தாள்?"

"உப்புக்கு!" என்று பெண்கள் கத்தினார்கள்.

"உப்புக்கேதான். மூட்டை துளியும் கரையவில்லை. புருஷன் கொண்டையனுக்கு ஜலதோஷம். ஆனால் திரும்பி வரும்போது காற்றில் சந்தனக் காம்பு முறிந்துபோயிற்று. பட்டறையில் வந்து அவள் போட்ட சத்தத்தில், இப்போது எல்லாக் குடைக்கும் மூங்கில் காம்பு மாற்றிப் போடுகிறார்கள். சந்தேகமிருந்தால் அதோ நிற்கிறாள், கேளுங்கள்!"

செய்தி கவியின் காதுக்கு எட்டியது. சபையில் குதித்தார். "பிரபு! அரண்மனைக் குடை முறிந்ததென்று மந்திரியே ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். ராஜத் துரோகம்!"

ராஜா வாளைத் தேடுவதற்குள் வாசலில் பெருங்கூச்சல்.

"கலகம்!" என்று அலறிய கவி சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒளியப் போனார். அங்கே ஏற்கெனவே ராஜா இருந்தார்.

"வெள்ளச்சி குடை இருக்கா? மூங்கில் காம்புதானே?" என்றது கூட்டம். பொழுது சாய்வதற்குள் அந்தப்புரமே காலியானது. குடைகளைச் சொல்கிறேன்.

"முறிந்ததைச் சொல்லியுமா வாங்கினார்கள்?" என்றார் ராஜா, உடையைத் தட்டிவிட்டபடி.

"அதைச் சொன்னதால்தான், பிரபு, உப்பு கரையவில்லை என்பதையும் நம்பினார்கள்" என்றார் பூதனார்.

"பேஷ்! இனிமேல் குடைச் சேதி சொல்வது உமது வேலை. ஆனால் ராஜ வாக்கு பொய்க்கலாகாது. யாராவது யாருக்காவது குடை பிடித்தே தீர வேண்டும்!"

"நனைந்தவன் ஒருவன் இருக்கிறானே, பிரபு" என்ற பூதனார் கவியைப் பார்த்தார்.

ஐப்பசியின் மீதி நாள் முழுக்கக் கொண்டையன் தும்மிக்கொண்டே முன்னால் நடந்தான். பிறைமுடியார் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போனார், வாயைத் திறக்காமல். பாடினால் ராஜாவிடமே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று வெள்ளச்சி முதல் நாளே சொல்லியிருந்தாள்.