தாழ்ப்பாள் போட்ட கை

தலைவர் நில் என்றால் நிற்கிற, உட்கார் என்றால் உட்காருகிற மடம் அது. ஆல்ப்ஸ் மலையடிவாரம். வாசல் காத்தவர் ஓத்மார் என்ற துறவி. ஒரு மாலை, கொட்டும் பனியில் தொழுநோயாளி ஒருவர் வந்து கதவைத் தட்டினார். உள்ளே மடத்தலைவர் ரெய்னால்து ஒரு பிரபுவுக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தார்.

ஓத்மார் உள்ளே போய்ச் சொன்னார். “விரட்டிவிடும்!” என்றார் தலைவர்.

“இந்தக் குளிரிலா சாமி? மனசு வரவில்லையே.”

“உமக்கு ஏது மனசு? மடத்தில் சேர்ந்த அன்றே அதை என்னிடம் ஒப்படைத்துவிட்டீர். சொன்னதைச் செய்யும். பாவம் வந்தால் என்னைச் சேரட்டும்.”

ஓத்மார் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். விடிந்ததும் ஓடிப்போய்த் திறந்து பார்த்தார். பனியில் காலடித் தடம்கூட இல்லை.

அன்று காலை, எல்லார் முன்னிலையிலும் குப்புற விழுந்து அவரவர் குற்றத்தைச் சொல்லும் கூட்டம். ஓத்மாரின் முறை வந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். “என்ன திமிர்? விழும்!” என்று அதட்டினார் தலைவர்.

“நோயாளியைப் பனியில் விரட்டிய குற்றம் ஒன்று இருக்கிறது சாமி. அது உங்களுடையது என்றீர்களே. அதை நான் எடுத்துக்கொண்டால் உங்கள் சொல்லை மீறியதாகாதா?”

தலைவர் முகம் வெளுத்து, இருக்கையிலிருந்து இறங்கிவந்து, கல்தரையில் குப்புற விழுந்தார்.

ஜெயித்த ஓத்மாருக்கோ தலை நிமிரவில்லை. அவரும் பக்கத்தில் விழுந்தார்.

“நீர் ஏன்?” என்றார் தலைவர், தரையிலிருந்தே.

“மனசு உங்களுடையதுதான் சாமி. தாழ்ப்பாள் போட்ட கை என்னுடையது.”